பக்கத்து ஊர்ப் பாட்டு விடியற்காலையில் மட்டும் ஏன் கேட்கிறது?

காங்கேயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் ஊருக்குக் கிழக்கே 3 கிலோமீட்டர் தள்ளி ஒரு கோயில் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை அங்கே மைக் செட்டில் போடும் பாட்டு, இவர் வீட்டு வாசலில் வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது. அதே குழாய் ஸ்பீக்கர் நோம்பி (திருவிழா) நாளில் மத்தியானம் முழுச் சத்தத்தில் பாடினாலும் ஒன்றும் கேட்பதில்லை. ஆடி மாதத்தில் விடியற்காலையில்கூடக் கேட்பதில்லை. ஆனால் மேற்கே அதே தூரத்தில் இருக்கும் ஊரின் சத்தம் அப்போது நன்றாக வருகிறது. இதற்கிடையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்று புத்தகத்தைக் காட்டியிருக்கிறாள். “அப்படியென்றால் பகலில்தானே நன்றாகக் கேட்க வேண்டும்? குளிர்ந்த காற்று கனமானது, அதனால்தான் சத்தம் நன்றாக வருகிறது என்று பெரியவர்கள் சொல்வது சரியா?” என்பது கேள்வி.

ஒலி வேகமாகப் போவதும் வெகுதூரம் போய்க் கேட்பதும் ஒன்றுதானா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான சந்தேகம். இரண்டும் வேறு. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஒலி பற்றிய பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. வேகத்துக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வேகம் தரையிலிருந்து மேலே போகப் போக மாறுகிறதா, மாறினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வாசலில் நடப்பதற்கெல்லாம் காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் புத்தகத்தில் இருப்பது சரி. 0 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.6 மீட்டர் கூடும். மார்கழி விடியற்காலை 20 டிகிரி என்றால் 343 மீட்டர், சித்திரை உச்சிவெயிலில் 38 டிகிரி என்றால் 354 மீட்டர். 3 கிலோமீட்டரைக் கடக்க மார்கழியில் எட்டே முக்கால் விநாடி ஆகும். சித்திரையில் கால் விநாடி முன்னதாக வந்து சேரும். அவ்வளவுதான். முன்னதாக வருவதால் சத்தம் பலமாக வந்துவிடாது.

கனமான காற்று என்கிற காரணம் சரியில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பது உண்மைதான். ஆனால் காற்றின் அடர்த்தியும் அழுத்தமும் ஒரே விகிதத்தில் மாறினால் ஒலியின் வேகம் மாறவே மாறாது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் காற்று நம் ஊரைவிட நன்றாகவே மெலிந்தது. இருந்தும் இரண்டு இடத்திலும் 20 டிகிரி என்றால் இரண்டு இடத்திலும் ஒலி 343 மீட்டர் வேகத்தில்தான் போகும். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. (நியூட்டனே இந்தக் கணக்கில் சுமார் 15 சதவீதம் குறைவான விடைக்கு வந்தார். ஒலி போகும்போது காற்று நெருங்கும் இடத்தில் சற்றுச் சூடாகிறது, விரியும் இடத்தில் குளிர்கிறது என்பதைச் சேர்த்து, 1816-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் அதைச் சரிசெய்தார்.)

அடுத்தது, விடியற்காலை அமைதி. இதை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது. ஒரு காகிதக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழாய் ஸ்பீக்கருக்கு 1 மீட்டர் முன்னால் சத்தம் 120 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்று வையுங்கள். தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். 3 கிலோமீட்டருக்கு வரும்போது சுமார் 70 டெசிபெல் போய்விடும். மிச்சம் 50. காற்றும் வழியில் கொஞ்சம் விழுங்கும். 20 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதத்தில் 1000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 1000 அதிர்வு) ஒலிக்குக் கிலோமீட்டருக்கு 5 டெசிபெல் வீதம் 15 டெசிபெல் கழியும். உங்கள் வாசலுக்கு வருவது 35. தறி ஓடாத, வண்டி போகாத விடியற்காலையில் கிராமத்தின் சுற்றுச் சத்தம் 30 டெசிபெல் பக்கம் இருக்கலாம். பகலில் 45, 50. அப்படியானால் காலையில் கேட்பதற்கும் பகலில் கேட்காததற்கும் அமைதி மட்டுமே போதும் போலத்தான் தோன்றும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஆடி மாதத்து விஷயம் இதைத் தனிக் காரணமாக நிற்க விடாது. ஆடியில் காற்றுக்குத் தென்னை ஓலை சலசலக்கும், சுற்றுச் சத்தம் கூடும், உண்மை. அந்தச் சலசலப்பு கிழக்குச் சத்தத்தையும் மேற்குச் சத்தத்தையும் ஒரே மாதிரிதான் மறைக்க வேண்டும். மேற்கு ஊர் கேட்கிறது, கிழக்கு ஊர் கேட்பதில்லை என்றால் திசையைப் பொறுத்த வேறொன்று நடக்கிறது. கேள்விக்குள்ளேயே இவ்வளவு நல்ல சான்றை வைத்துக் கேட்பவர்கள் அபூர்வம்.

அந்த வேறொன்று, வளைதல். ஒலி நேர்கோட்டில் போவதாக நினைத்துக்கொள்கிறோம். காற்று முழுக்க ஒரே வெப்பநிலையில் அசையாமல் இருந்தால் அப்படித்தான் போகும். ஒரு பக்கம் வேகமாகவும் இன்னொரு பக்கம் மெதுவாகவும் போக நேர்ந்தால், அலையின் முகம் மெதுவான பக்கமாகத் திரும்பிவிடும். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்தங்கினால் வண்டி அந்த மாட்டுப் பக்கமாக இழுபடும் அல்லவா, அதே கணக்கு. அலை எதுவானாலும் இது பொருந்தும்: வேகம் குறைந்த பக்கம் வளையும். மற்றதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருகிறது.

பகலில் வெயில் தரையைச் சுடுகிறது. தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. மேலே போகப் போகச் சூடு குறையும். அப்படியென்றால் ஒலிக்குத் தரைப்பக்கம் வேகமான பக்கம், வானத்துப் பக்கம் மெதுவான பக்கம். ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய ஒலி மேல்நோக்கி வளைந்து, தரையை விட்டு எழும்பிப் போய்விடுகிறது. உங்கள் மகள் படித்த அதே உண்மைதான் பகலில் சத்தத்தை உங்கள் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போகிறது. 10 மீட்டர் உயரத்தில் ஸ்பீக்கர் இருக்கிறது, தரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் 1 டிகிரி வீதம் சூடு குறைகிறது என்று கடும் வெயில் கணக்கு ஒன்று வைத்தால், ஒலிப்பாதை 5.7 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக வளையும். அப்போது அரை கிலோமீட்டருக்குள்ளேயே நேரடி ஒலி ஆள் காது உயரத்தைத் தாண்டி மேலே போய்விடும். அதற்கு அப்பால் இருப்பது ஒலி நிழல். நிழல் என்றால் முழு இருட்டு இல்லை; காற்றின் கொந்தளிப்பில் சிதறிக் கொஞ்சம் கீழே வரும். ஆனால் வரவேண்டியதைவிட 20 டெசிபெல்லோ அதற்கும் மேலோ குறைந்துவிடும். மேலே போட்ட கணக்கில் மிஞ்சிய 35-லிருந்து இதையும் கழித்தால் என்ன மிஞ்சும்? மாணவர்களோடு வெட்டவெளியில் ஒலிமட்ட மீட்டர் வைத்துப் பார்க்கும்போதெல்லாம், மதிய வெயிலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் மீட்டர் சுற்றுச் சத்தத்தைத்தான் காட்டும்.

மார்கழி இரவில் இது தலைகீழாகிறது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். சில பத்து மீட்டரிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உயரம் வரை, மேலே போகப் போகச் சூடு கூடும். இதை வெப்பத் தலைகீழ்மை என்பார்கள். இப்போது தரைப்பக்கம்தான் மெதுவான பக்கம். மேலே சாய்ந்து கிளம்பிய ஒலிகூட வளைந்து தரைக்குத் திரும்புகிறது. தரையில் பட்டுத் தெறித்து மறுபடி எழும்பி, மறுபடி வளைந்து இறங்குகிறது. இப்படித் தாவித் தாவி 3 கிலோமீட்டர் வருவது பெரிய காரியமில்லை. வழியில் இருக்கும் வேலி, வீடு, மரம் இவற்றுக்கு மேலாக வந்து இறங்குவதால் மறைப்பும் குறைவு.

தலைகீழ்மையைக் கண்ணாலேயே பார்க்கலாம். கவுந்தப்பாடிப் பக்கம் நாட்டுச் சர்க்கரை காய்ச்சும் ஆலைகளில் விடியற்காலை அடுப்பு மூட்டும்போது கவனித்துப் பாருங்கள். கொப்பரைக்கு அடியில் கரும்புச் சக்கை எரியும் புகை, புகைபோக்கியை விட்டு நேராகக் கொஞ்ச உயரம் எழும்பும். அப்புறம் ஒரு மட்டத்தில் நின்று, வயலுக்கு மேலே தட்டையாகப் படர்ந்து கிடக்கும். புகை குளிர்ந்து சுற்றியுள்ள காற்றோடு சமமாகிவிட்டது. அதற்கு மேல் இருக்கும் காற்று அதைவிடச் சூடாக, லேசாக இருப்பதால் எழும்ப முடியவில்லை. அதே ஆலையின் புகை பத்து மணிக்குச் சுருண்டு சுருண்டு உயரமாகப் போகும். புகை தட்டையாகக் கிடக்கும் நேரமும் தூரத்துப் பாட்டு தெளிவாகக் கேட்கும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். புல்லில் பனி கொட்டியிருப்பதும் அதே மாதிரி ஓர் அடையாளம்.

இனி ஆடிக்காற்று. காற்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது, எதிர்க்காற்று சத்தத்தை அடித்துத் திருப்புகிறது என்று பொதுவாகச் சொல்வோம். கணக்கு அதற்கு இடம் தராது. ஆடியில் அம்மியே பறக்கும் என்பார்கள். பலமாக அடிக்கும் காற்று விநாடிக்கு 10 மீட்டர் என்றாலும் ஒலியின் வேகத்தில் அது 3 சதவீதம். எதிர்க்காற்றிலும் ஒலி 330 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். அப்புறம் ஏன் கேட்பதில்லை? தரையை ஒட்டிய காற்று செடி, மரம், வீடு எல்லாவற்றிலும் உரசி மெதுவாகிறது; உயரே தடையில்லாமல் வேகமாக அடிக்கிறது. காற்றோடு சேர்ந்து வரும் ஒலிக்கு மேற்பக்கம் வேகம் கூடும், ஆகவே கீழ்நோக்கி வளையும். காற்றை எதிர்த்து வரும் ஒலிக்கு மேற்பக்கம் வேகம் குறையும், ஆகவே மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். இதை 1857-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் சொன்னார். பாலக்காட்டுக் கணவாய் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதில் நெருக்கிப் பாய்ந்து உடுமலை, பல்லடம் வழியாக உங்கள் பக்கம் வருகிறது. அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். மேற்கு ஊரின் சத்தம் இந்தக் காற்றோடு வருகிறது, கிழக்குக் கோயிலின் சத்தம் இதை எதிர்த்து வர வேண்டியிருக்கிறது. கூடவே இவ்வளவு காற்று இரவெல்லாம் அடித்தால் மேல்காற்றும் கீழ்காற்றும் கலந்துவிடும், விடியற்காலைத் தலைகீழ்மை உருவாகவே விடாது. ஆடி விடியலில் கோயில் பாட்டு காணாமல் போக இரண்டு காரணம் இருக்கிறது.

விஞ்ஞானிகளுக்கும் இது சுலபமாகப் பிடிபடவில்லை. 1873-ல் இங்கிலாந்தின் டோவர் அருகே சவுத் ஃபோர்லாண்டில், கப்பல்களுக்கு மூடுபனி எச்சரிக்கை கொடுக்கும் ஊதுகுழல்களை ஜான் டிண்டால் சோதித்தார். பளிச்சென்று தெளிந்த நாளிலும் சில நேரம் சத்தம் சில கிலோமீட்டரிலேயே மறைந்தது. கண்ணுக்குத் தெரியாத ‘ஒலி மேகங்கள்’ காற்றில் நின்று சத்தத்தைத் திருப்பி அனுப்புகின்றன என்று அவர் முடிவுகட்டினார். அதே காலத்தில் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் மணியடித்துச் சோதித்து, வெப்பநிலை உயரத்தோடு மாறுவதால் ஒலி வளைகிறது என்று காட்டினார். தூரத்தில் கேட்பதையும் கேட்காததையும் பெரும்பாலும் விளக்குவது ரெய்னால்ட்ஸ் சொன்னதுதான். டிண்டாலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றின் கொந்தளிப்பு ஒலியைச் சிதறடிக்கிறது என்பதில் அவருக்கும் பங்கு உண்டு.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்றும் பிரித்துவிடுகிறேன். வளைதல் நடக்கிறது, எந்தப் பக்கம் வளையும் என்பது உறுதி. கனமான காற்று காரணமில்லை என்பதும் உறுதி. ஆனால் உங்கள் வாசலில் ஒரு குறிப்பிட்ட மார்கழிக் காலையில் வளைவுக்கு எத்தனை பங்கு, அமைதிக்கு எத்தனை பங்கு என்று இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. அங்கே அளந்தால்தான் உண்டு. மார்கழியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், கிழக்குக் கோயிலுக்கு அதுவும் கொஞ்சம் துணைபுரியக்கூடும். வார்த்தை வார்த்தையாகக் கேட்கிறது என்பதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் உயர்ந்த சுருதி ஒலிகளைக் காற்று அதிகமாக விழுங்கும். 4000 ஹெர்ட்ஸில் அதே 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 23 டெசிபெல் போய்விடும். காற்று வறண்டுபோனால் இழப்பு இன்னும் பல மடங்கு. வருடா வருடம் கேட்ட பாட்டு என்பதால் விட்டுப்போன எழுத்துகளை உங்கள் மனமே நிரப்பிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். அதே மைக்கில் யாராவது புதிதாக ஓர் அறிவிப்பு செய்யும்போது எத்தனை சொல் புரிகிறது என்று கவனியுங்கள்.

பங்கு பிரித்துப் பார்க்க ஆசையிருந்தால் ஒரு வழி இருக்கிறது. மார்கழியிலேயே மேகம் மூடிய விடியற்காலைகள் சில வரும். அன்றும் ஊர் அதே மாதிரி அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் மேகம் போர்த்தியிருந்தால் தரை அவ்வளவாகக் குளிராது, தலைகீழ்மை பலவீனமாக இருக்கும். அன்று பாட்டு மங்கலாகக் கேட்டால் வளைவின் பங்கு பெரியது. வழக்கம்போலவே கேட்டால் அமைதியின் பங்கு பெரியது. இரண்டு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றை முழங்கால் உயரத்திலும் இன்னொன்றை நீளமான மூங்கில் உச்சியிலும் கட்டிவைத்து, தினமும் பாட்டு ஆரம்பிக்கும்போது இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், உங்கள் மகளையே. மொட்டை மாடியில் வைக்க வேண்டாம், கான்கிரீட் இரவெல்லாம் சூட்டை வைத்திருந்து கணக்கைக் கெடுத்துவிடும். போனில் இருக்கும் சத்தம் அளக்கும் செயலி சொல்லும் டெசிபெல் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஒரே போனில், ஒரே இடத்தில், நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

மகளுக்காக இன்னொன்று. நீங்கள் சேலம் போகும்போது பெருந்துறைச் சாலையில் மதியம் தெரியும் கானல் நீரும் இதே வளைவுதான். சூடான காற்று மெலிந்தது என்பதால் ஒளிக்கும் தார் ரோட்டை ஒட்டிய பக்கம்தான் வேகமான பக்கம். வானத்திலிருந்து சாய்ந்து இறங்கிய ஒளி, ரோட்டைத் தொடும் முன்பே மேல்நோக்கி வளைந்து கண்ணுக்கு வருகிறது; ரோட்டில் வானம் தெரிகிறது, அதைத் தண்ணீர் என்கிறோம். 1798-ல் நெப்போலியனோடு எகிப்து போன பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் இதை விளக்கினார். பகலில் கோயில் பாட்டு எந்தப் பக்கம் வளைகிறதோ அதே பக்கம்தான் ஒளியும் வளைகிறது. ஒலி காற்றை நெருக்கியும் விரித்தும் போகும் அலை, ஒளி காற்றே இல்லாத வெற்றிடத்திலும் போகும் மின்காந்த அலை; இருந்தும் விதி ஒன்று.

அளவில்தான் பெரிய வித்தியாசம். 1 டிகிரி மாறினால் ஒலியின் வேகம் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட மாறும். ஒளியின் வேகம் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அதனால்தான் ஒலி வளைய மென்மையான வெப்ப மாற்றமே போதும், ஒளி வளைவதைப் பார்க்க ரோட்டுக்கு மேல் சில சென்டிமீட்டருக்குள் இருபது முப்பது டிகிரி மாற வேண்டும். அப்போதும் ரோட்டோடு அரை டிகிரிக்கும் குறைவான சாய்வில் வரும் ஒளி மட்டுமே மேலே திரும்பும். கார் சீட்டில் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால் கானல் நீர் சுமார் 170 மீட்டருக்கு முன்னால் தொடங்குகிற மாதிரி தெரியும். பஸ்ஸில் உட்கார்ந்தால் கண்ணின் உயரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும், தூரமும் அதே அளவில் கூடும். காரில் ஒரு தடவை, பஸ்ஸில் ஒரு தடவை போகும்போது மைல்கல்லை வைத்து அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.